ஃபிலிம் பயணிகளின் கனிவான கவனத்திற்கு

சட்டைப் பையில் கிடக்கும் போன், கேட்காமலே ஆயிரம் படம் எடுத்துத் தள்ளுகிற காலம் இது. நீங்களோ 36 படத்துக்கு மேல் தராத ஒரு கலர் ரோலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். கழுவி ஸ்கேன் போட இன்னும் சில நூறு ஒதுக்கி, படம் விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் காத்திருக்கவும் சம்மதித்திருக்கிறீர்கள். இதைப் பற்றி வீட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருப்பார்கள். நாம் வேறு கிளற வேண்டாம். இப்போது அந்த ரோல்களோடு விமானம் ஏறப்போகிறீர்கள். அங்கே எக்ஸ்ரே இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. ஆகவே சில ஆலோசனைகள்.

ஃபிலிமை நாசமாக்குவதற்கு இருப்பதிலேயே சிரமமில்லாத வழியை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். ரோல்களைப் பெரிய பெட்டிக்குள், பட்டுப்புடவைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே பத்திரமாக வைத்து, செக்-இன் கவுன்ட்டரில் போட்டுவிடுங்கள். அந்தப் பெட்டிகளைப் பார்க்கிற இயந்திரங்களுக்கு ஃபிலிம் மேல் கருணை கிடையாது. கைப்பையைப் பார்க்கும் பழைய இயந்திரங்களைவிடப் பல மடங்கு வலுவான கதிர் அது. சந்தேகப்பட்ட இடத்தில் இன்னும் கூர்மையாகப் பாய்ச்சிப் பார்க்கிற வகையும் உண்டு. கழுவி வரும்போது படத்தின் குறுக்கே விரலகலத்துக்கு வெளிறிய பட்டைகள் ஓடும். ஃபிலிம் சுருண்டிருந்தபோது பட்ட கதிர் என்பதால் அவை நேராக இருக்காது, நெளிந்து நெளிந்து போகும். மாமல்லபுரத்தில் எடுத்த படமாக இருந்தால் கடலில் அடிக்கிற அலை வானத்திலும் அடிக்கும். அதை அப்படியே சட்டம் போட்டு மாட்டி, 'நினைவும் அழிவும்' என்று பெயர் சூட்டிக் கண்காட்சி வைக்கும் துணிச்சல் உங்களுக்கு இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இல்லையென்றால் ரோல்கள் கைப்பையில்தான் வர வேண்டும். ஒளிக்கு மெதுவாக மசியும் 100 ஸ்பீடு, 200 ஸ்பீடு ஃபிலிம் என்ற சலுகையெல்லாம் செக்-இன் பெட்டியில் செல்லாது.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: ஃபிலிம் தன் உத்தியோகத்தைத்தான் பார்க்கிறது. அதன் மேல் இருப்பவை ஜெலட்டினில் கலந்து பூசிய வெள்ளி உப்புப் படிகங்கள். மேலே ஒளி பட்டால் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவற்றுக்கு இட்ட வேலை. லென்ஸ் வழியாக வந்ததா, லக்கேஜ் பெல்ட்டில் வந்ததா என்று விசாரிக்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. உண்மையில் எக்ஸ்ரேக்கும் போட்டோவுக்கும் உறவு மிகப் பழையது. 1895 டிசம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை, எலும்பும் மோதிரமுமாக, ஒரு போட்டோத் தகட்டில்தான் பதித்துக் காட்டினார். அடுத்த வருஷமே பாரிஸில் விஞ்ஞானி பெக்கெரல், யுரேனிய உப்போடு மேசை டிராயரில் கிடந்த தகட்டைக் கழுவிப் பார்த்தார். வெளிச்சமே படாமல் அதில் கறுப்பு படிந்திருந்தது. உங்கள் ரோலுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான். அவருக்கு 1903-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காது. நம் ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் 'இந்து' என்ற பெயரில் ஸ்டுடியோக்காரருக்கு ஃபிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் என்று இரண்டையும் செய்து கொடுத்தது.

கதிர் எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்கு கோடக் கம்பெனிக்கு நேர்ந்த கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1945-ல் அவர்கள் விற்ற எக்ஸ்ரே ஃபிலிமில் காரணமில்லாமல் கரும்புள்ளிகள் வந்தன. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். கம்பெனியின் விஞ்ஞானி ஜூலியன் வெப் துருவிக்கொண்டே போய், ஃபிலிம் கட்டுகளில் வைக்கும் வைக்கோல் அட்டையில் வந்து நின்றார். அட்டை வந்தது இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஊர் ஆலையிலிருந்து. ஆலை தண்ணீர் எடுப்பது வாபாஷ் ஆற்றிலிருந்து. அட்டைக்குள் இருந்தது சீரியம்-141 என்ற கதிரியக்கப் பொருள். அது இயற்கையில் கிடைப்பதல்ல, அணு பிளக்கும்போது வருவது. ஜூலை 16-ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ரகசியமாக வெடித்துப் பார்த்த முதல் அணுகுண்டின் தூசி, 1500 கிலோமீட்டருக்கு மேல் காற்றில் வந்து, மழையோடு இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டையாகி, ஃபிலிமுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. வெப் இதையெல்லாம் 1949-ல் கட்டுரையாக வெளியிட்டார். ஃபிலிம் செய்கிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால் உங்கள் ரோலுக்கு முழுப் பாதுகாப்பு என்று எவராலும் எழுதித் தர முடியாது. ஒரு எச்சரிக்கை. இந்தக் கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் சோதனை வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டாம். விமான நிலையத்துக்குள் சில சொற்களை எந்த நல்ல நோக்கத்தோடும் உச்சரிக்கக் கூடாது.

கைப்பையில் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பது போன தலைமுறை ஞானம். அந்தக் காலத்து இயந்திரம் ஒரு பக்கமிருந்து கதிர் பாய்ச்சி, ஆரஞ்சும் பச்சையும் நீலமுமாக ஒரு தட்டைப் படம் காட்டும். 400 ஸ்பீடு ஃபிலிம் அதில் ஓரிரு முறை போய் வந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. 800-ஐத் தொட்டால்தான் யோசிக்க வேண்டும். சில இயந்திரங்களில் 'ஃபிலிமுக்கு ஆபத்தில்லை' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் சி.டி. ஸ்கேனர் வந்து உட்காருகிறது. தீராத தலைவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, அதே ஜாதி. பையைச் சுற்றிப் பல கோணங்களில் படம் எடுத்து முப்பரிமாணமாகக் கோத்துக் காட்டும். இதில் ஒரே ஒரு தடவை போனாலும் படம் கெடலாம் என்று கோடக் எச்சரிக்கிறது. இன்னொரு ஃபிலிம் கம்பெனியான இல்ஃபோர்டும் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறது.

மற்ற பயணிகளுக்கு இந்த இயந்திரம் வரப்பிரசாதம் என்பதுதான் வயிற்றெரிச்சல். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் பற்பசையும் ஷாம்பூவும் பைக்குள்ளேயே இருக்கலாம். பிரிட்டனில் 2024 ஜூனுக்குள் பெரிய விமான நிலையங்கள் எல்லாம் இதை மாட்டியாக வேண்டும் என்று அரசாங்கமே கெடு வைத்தது. கெடு சில இடங்களில் தள்ளிப்போனபோது நாளிதழ்கள் பயணிகளுக்காக வருத்தப்பட்டன. அந்தத் தாமதத்தைக் கொண்டாடியவர்கள் ஃபிலிம்காரர்கள் மட்டுமே.

ஆகையால் இயந்திரத்தை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். பழையது சதுரப் பெட்டி. சி.டி. என்றால் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கைப் படுக்க வைத்த மாதிரி பருத்து, உருண்டு, வெள்ளை வெளேர் என்று இருக்கும். சந்தேகமிருந்தால் திரையைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் யாரோ ஒருவருடைய பையின் உருவத்தை மவுஸால் இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தால் அது சி.டி.தான். ரொம்ப நேரம் எட்டிப் பார்க்க வேண்டாம். உங்களையும் புரட்டிப் பார்க்க ஆள் வரும்.

இன்னொரு சங்கதி, கதிர் கணக்கு சேர்ந்துகொண்டே போகும். சென்னையிலிருந்து துபாய் மாறி லண்டன் போய்த் திரும்பினால் நாலு இயந்திரம். இதில் விமான நிலையத்தை மட்டும் எண்ணுவது வெகுளித்தனம். டாக்ஸிக் காசை மிச்சம் பிடிக்க மெட்ரோவில் போகிறீர்களா? மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு எக்ஸ்ரே பெல்ட் ஓடுகிறது. மீனம்பாக்கம் போய்ச் சேருமுன்பே முதல் டோஸ் ஏறிவிடும். பெரிய ஓட்டல் வாசலில் ஒன்று, சில மால்களில் ஒன்று. போகிற வழியில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்று திருமலைக்குக் கிளம்பினால் அலிபிரியில் ஒன்று. விமான டிக்கெட் விற்கும் ஆப்களில் குறைந்த கட்டணம், குறைந்த நேரம் என்று தேட முடிகிறது. குறைந்த கதிர் என்று ஒரு பொத்தான் வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது ஈயப்பை. ஃபிலிம் வைக்கவென்றே ஈயம் பூசிய பைகள் பல வருஷமாக விற்கின்றன. கையில் எடுத்தால் கனம்; கனமாக இருப்பதால் நம்பிக்கை. உள்ளே வைத்துப் பெல்ட்டில் விட்டுவிட்டு, கைகட்டி நின்று புன்னகைக்கலாம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு பை வருகிறது. சட்டை தெரிகிறது, சார்ஜர் தெரிகிறது, சீப்பு தெரிகிறது. நடுவில் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு கறுப்புச் சதுரம். நீங்களாக இருந்தால் "பாவம், யாரோ கலைஞர்" என்று விட்டுவிடுவீர்களா? பெல்ட்டை நிறுத்திப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்ப்பார்கள். அப்புறம் எப்படியும் பையைத் திறக்கச் சொல்வார்கள். ஈயப்பையால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதென்றால், அந்தக் கடைசிப் படிதான். கையால் சோதிக்க வைக்கும் ஒரு சுற்றுவழி அது. அதையே வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஈயம் வாங்கிய காசில் இன்னும் ஒரு ரோல் வாங்கியிருக்கலாம். ஈயப்பைக்குப் பதில் அலுமினியம் ஃபாயிலில் சுற்றிக்கொண்டு வருகிற சிக்கனக்காரர்களும் உண்டு. ஃபாயில் எக்ஸ்ரேயை மறைக்காது. புளியோதரைக்கு நல்லது.

இனி கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் சடங்கு. இதற்குத் தயாரிப்பு வீட்டிலேயே தொடங்க வேண்டும். அட்டைப் பெட்டியைக் கழற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் டப்பா இருந்தால் அதையும் கழற்றுங்கள். அந்தச் சின்ன டப்பாவுக்கு நம் வீடுகளில் வேறு வாழ்க்கை காத்திருக்கிறது. திருநீறு, சில்லறைக் காசு, தாத்தா இருக்கிற வீடானால் மூக்குப்பொடி. பழைய டப்பாவை அவசரத்தில் எடுத்துப்போய் அதிகாரி முன்னால் திறக்கும்போது வெள்ளைப் பொடி கொட்டினால் அன்றைய விமானத்தை மறந்துவிடலாம். ரோல்களை மட்டும், பேரும் ஸ்பீடும் வெளியே தெரிகிற மாதிரி, கண்ணாடி போன்ற ஒரு ஜிப் பையில் போட்டு, கைப்பையின் மேல் அறையில் வையுங்கள். அமெரிக்காவில் ஃபிலிமைக் கையால் சோதிக்கக் கேட்கும் உரிமை விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் எதிரில் நிற்பவரின் மனநிலைதான் விதி. அதனால் வழக்கமாகப் போகிற நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். பின்னால் ஐம்பது பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எந்த அதிகாரிக்கும் கலை ஆர்வம் பிறக்காது.

எந்த வரிசையில் நிற்பது? நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அதிகாரி இருக்கும் வரிசையில். இதற்கு நிகரான ஆலோசனை வேறு கிடையாது. அவருடைய கல்யாண ஆல்பம் ஃபிலிமில் எடுத்தது. பையைப் பார்த்ததும், "அட, இதெல்லாம் இன்னும் வருதா சார்?" என்பார். "வருது சார், விலைதான்..." என்று நீங்கள் இழுக்க வேண்டும். எங்கே கழுவுகிறீர்கள் என்பார். தன்னிடம் ஒரு யாஷிகா கேமரா இருந்தது, மச்சான் வாங்கிப் போனவன் திருப்பியே தரவில்லை என்பார். இந்தக் கதைக்குத் தலையாட்டுவது பாதுகாப்பு நடைமுறையின் ஒரு பகுதி. கதை முடியும்போது உங்கள் ரோல்கள் மறுபக்கம் போயிருக்கும்.

இளைஞர் வாய்த்தால் சொல்லும் முறை வேறு. "ஃபிலிம் சார்" என்று மட்டும் சொன்னால் சினிமாக்காரரா என்று ஏற இறங்கப் பார்ப்பார். வடக்கிலிருந்து வந்தவரானால், "சார், கேமரா ரீல் ஹை, மெஷின் மே கராப் ஹோ ஜாயேகா" என்ற அளவுக்கு இந்தி போதும். மிச்சத்தை முகம் சொல்லிவிடும். அவர் ஒரு ரோலை எடுத்துக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே லேசாகக் கடகடக்கும். புருவம் உயரும். புது ரோலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிம் முனை கண்ணில் படும். அதைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல இழுக்கத் தொடங்குவார். பதறாதீர்கள். முதல் சில அங்குலம் எப்படியும் கேமராவில் மாட்டும்போது வெளிச்சம் படுகிற பகுதிதான். அதுவரை சிரித்துக்கொண்டே இருக்கலாம். அதற்கு மேல் போனால் சிரிப்பை நிறுத்தாமலே, "சார், போதும் சார்" என்று சொல்லப் பழகுங்கள். வீட்டுக் கண்ணாடி முன் ஒத்திகை பார்ப்பது நல்லது. படம் எடுத்து முடித்த ரோலின் முனையை முழுக்க உள்ளே சுற்றிவிட்டால் இழுக்க ஒன்றும் இருக்காது. காகிதத்தோடு சுற்றி வரும் 120 அளவு ரோல் வைத்திருப்பவர்கள் அதன் காகித ஒட்டை அவர் நகத்தால் பிய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பிரிந்தால் சொல்ல ஆறுதல் கிடையாது. சில இடங்களில் குச்சி நுனியில் ஒரு துணித்துண்டை மாட்டி ஒவ்வொரு ரோலாகத் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது வெடிமருந்துத் தடயம் தேடுவது, ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது.

"800-க்குக் கீழ் என்றால் மெஷினில் போடு" என்று கறாராகச் சொல்லும் இடங்களும் உண்டு. அதற்கென்றே 3200 என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரே ஒரு ரோலை வாங்கி, படம் எடுக்காமல், பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஊர் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால் சண்டை போடாதீர்கள். பழைய இயந்திரமானால் ட்ரேயில் வைத்துவிட்டுப் போங்கள், வானம் இடிந்துவிடாது. சி.டி. என்றால் பக்கத்து வரிசையில் பழையது இருக்கிறதா என்று பணிவாக ஒரு முறை கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால் இல்லைதான். விமானத்தைத் தவறவிட்டால் ஆகிற செலவில் எத்தனை ரோல் வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் கோபம் அடங்கும்.

கேமராவுக்குள்ளேயே பாதி ரோல் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். கேமரா என்றாலே ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். கையில் பார்க்கிறேன் என்று வாங்கிய அதிகாரி பின்மூடியைத் திறந்துவிட்டால் எக்ஸ்ரேயே தேவலை என்றாகிவிடும். ஆகவே வருமுன் ரோலை முடித்துவிடுவது ஃபிலிம்காரர் மரபு. சோதனைப் பகுதியில் கேமராவைத் தூக்க முடியாது என்பதால் மிச்சப் படங்களை எல்லாரும் டாக்ஸியிலேயே எடுத்து முடிக்கிறார்கள். உலகத்தின் எந்த ஃபிலிம்காரர் சேகரிப்பைப் புரட்டினாலும், பயண ரோலின் கடைசி ஆறு படங்கள் டிரைவரின் காது, டாஷ்போர்டுப் பிள்ளையார், மேம்பாலம், மறுபடி காது என்றே முடியும்.

பயப்பட வேண்டாத பட்டியல் சின்னது. நீங்கள் நடந்து போகிற மெட்டல் டிடெக்டர், கையை உயர்த்தி நிற்கச் சொல்லும் உடல் ஸ்கேனர் இரண்டும் ஃபிலிமை ஒன்றும் செய்யாது. மெமரி கார்டுக்கும் பயமில்லை. ஏற்கெனவே கழுவிய நெகட்டிவை ஆயிரம் முறை எக்ஸ்ரேயில் விட்டாலும் ஒரு கீறல் விழாது. அதைப் போய்க் கையால் சோதிக்கச் சொல்லி அதிகாரியின் பொறுமையை வீணாக்காதீர்கள். ஆனால் கல்யாண வீட்டுக்கு மச்சினி கொண்டுபோகும் இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் பொட்டலம் 800 ஸ்பீடு. அவள் அதைப் பெரிய பெட்டியில் போட்டிருப்பாள். இப்போதே போன் செய்யுங்கள்.

கழுவிய ஃபிலிமுக்கு ஆபத்தில்லை என்பதைப் படித்தவுடன் புத்திசாலிகளுக்கு ஒன்று தோன்றும். போன ஊரிலேயே ரோலை வாங்கி, எடுத்து, திரும்புமுன் அங்கேயே ஒரு லேபில் கழுவி நெகட்டிவாக எடுத்து வந்துவிட்டால் தீர்ந்ததே? தீர்ந்ததுதான். ஈயப்பையும் வேண்டாம், இந்தியும் வேண்டாம். இதைவிடச் சரியான வழி இல்லவே இல்லை. ஆனாலும் ஃபிலிம்காரர்கள் இதைச் செய்வதில்லை. ஊரில் அவர்களுக்கென்று நம்பிக்கையான லேப்காரர் ஒருவர் இருப்பார். வேறொருவர் கையில் ரோலைக் கொடுப்பது அவர்களுக்குக் கற்பு சம்பந்தப்பட்ட விஷயம். கூரியரில் அனுப்பலாமே என்பவர்களுக்கு, விமானத்தில் ஏறும் பார்சலுக்கும் எக்ஸ்ரே உண்டு. அதற்காகப் பேசிச் சிரிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

கடைசியாக, ரோல் கழுவி வந்தபின் பழியை எங்கே போடுவது என்பது பற்றி. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாக வெளுத்து, பொரிப்பொரியாகத் தெரிந்தால் எக்ஸ்ரேமேல் சந்தேகப்படலாம். ரோல் காலாவதியாகியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்பதை வெளியே சொல்ல வேண்டாம். நெளிந்த பட்டை ஒரு படத்தைத் தாண்டி, பல் துளைகள் இருக்கும் ஓரம் வரை ஓடி, அடுத்த படத்திலும் தொடர்ந்தால் எக்ஸ்ரே என்று கிட்டத்தட்ட அடித்தே சொல்லலாம். மாமாவின் தலை வெட்டுப்பட்டிருந்தால் எக்ஸ்ரே இல்லை. எல்லாரும் மங்கலாக, பின்னாலிருக்கும் கதவு மட்டும் துல்லியமாக இருந்தால் அதுவும் இல்லை. படமே விழாமல், ஓரத்தில் கம்பெனி பெயரும் எண்களும் மட்டும் அழகாகத் தெரிய நெகட்டிவ் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால், புகார்க் கடிதம் எழுத உட்காருமுன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். லீவரைத் தள்ளியபோதெல்லாம் கேமராவின் இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றியதா? சுற்றவில்லையென்றால் ஃபிலிம் உள்ளே நகரவே இல்லை. அந்த ரோலை நீங்கள் மூன்று நாடு சுற்றி, அதிகாரிகளிடம் கெஞ்சி, நாலு இயந்திரத்திடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.